உங்கள் கையில் இருப்பது எந்த காங்?

நீங்கள் கேட்டது இதுதான்: பீட்டர் ஜாக்சன் இயக்கி 2005 டிசம்பரில் வந்த ‘கிங் காங்’ படத்தின் டிவிடி ஒன்றைப் பழைய கடையில் வாங்கியிருக்கிறீர்கள். உறையில் நீட்டிக்கப்பட்ட பதிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. பிளேயரில் போட்டால் 3 மணி 7 நிமிடம் காட்டுகிறது. இதுதான் நீளமான பதிப்பா? இல்லையென்றால் அதைத் தேடி வாங்குவது தண்டச் செலவா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உங்களிடம் இருப்பது திரையரங்கில் ஓடிய அதே படம். அதன் நீளம் 187 நிமிடம், அதாவது நீங்கள் சொன்ன 3 மணி 7 நிமிடம். நீட்டிக்கப்பட்ட பதிப்பு சுமார் 200 நிமிடம், 3 மணி 20 நிமிடத்தை ஒட்டி வரும். உறை ஒன்று, உள்ளே வட்டு வேறொன்று. எனக்கும் இப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. மூன்று வட்டுப் பெட்டி என்று ஆசையாக வாங்கி வந்து திறந்தால் உள்ளே ஒற்றை வட்டு, அதுவும் சாதாரணப் பதிப்பு. அன்றிலிருந்து பழைய டிவிடி வாங்கினால் உறையை நம்புவதில்லை, வட்டின் மேல் அச்சிட்டிருப்பதைத்தான் படிக்கிறேன்.

ஆனால் நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திரைப்படம் ஒரு வினாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடுகிறது. பிஏஎல் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் தயாரித்த டிவிடிகளில் அதை 25 சட்டகமாக ஓட்டிவிடுவார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடி முடியும். அதனால் 187 நிமிடப் படம் பிஏஎல் வட்டில் 3 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். 200 நிமிடப் பதிப்பு 3 மணி 12 நிமிடம் என்று காட்டும். யாராவது ‘என்னிடம் இருப்பது 3 மணி 12 நிமிடம்தான், எட்டு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று புலம்பினால் பயப்பட வேண்டாம், அது முழுசாகவே இருக்கிறது. குரல்கள் மட்டும் ஒரு இழை மெல்லியதாகக் கேட்கும். பெரும்பாலானவர்களுக்கு அது காதில் விழாது. பின்னணி இசையை ஏற்கெனவே தனியாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு உறுத்தும்.

கணக்கெல்லாம் வேண்டாம், கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. நாயகி ஆன் என்பவளை ராட்சதக் குரங்கு காங் தூக்கிப்போன பிறகு தேடுதல் குழு காட்டுக்குள் போகிறது இல்லையா? நீண்ட கழுத்து டைனோசர் கூட்டம் பள்ளத்தாக்கில் தறிகெட்டு ஓடிவரும் காட்சிக்கு முன்னாலேயே, கொம்பு வைத்த காண்டாமிருகம் மாதிரி ஒரு மிருகம் புதரைக் கிழித்துக்கொண்டு இவர்கள் மேல் பாய்ந்தால் அது நீளமான பதிப்பு. அந்தக் கூட்டம் ஓடி முடிந்த பிறகு இவர்கள் தெப்பம் கட்டிச் சதுப்பு நீரைக் கடந்தாலும் அப்படித்தான். இரண்டும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது திரையரங்கப் பதிப்பு.

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை.

கூடுதலாக வந்திருப்பது 13 நிமிடம். அதில் பெரும்பகுதி நான் இப்போது சொன்ன இரண்டு காட்சிகள்தான். நியூயார்க்கில் காங் ஓடித் திரியும் பகுதியிலும் சில துண்டுகள் சேர்ந்திருக்கின்றன, ஆனால் அவற்றுக்காக யாரும் தனியாகப் பணம் செலவழிக்க மாட்டார்கள். ஆகவே பேச்சே அந்தக் கொம்பு மிருகத்தையும் சதுப்பு நிலத்தையும் பற்றியதுதான்.

கொம்பு மிருகத்துக்கு, இந்தப் படத்தின் மிருகங்களை உருவாக்கிய வீட்டா குழுவினர் வைத்த பெயர் ஃபெருகூட்டஸ். மூன்று கொம்பு டைனோசரான ட்ரைசெராடாப்ஸ் வகையறா. எதிர்பாராமல் வருகிறது, சிலரை முட்டித் தள்ளுகிறது, சுட்டு வீழ்த்துகிறார்கள். காட்சியாகச் சாதாரணம்தான். சதுப்பு நிலம் அப்படியில்லை. சேறும் மூடுபனியும், கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. முதலில் தண்ணீரிலிருந்து பூச்சி போன்ற ஜந்துக்கள் ஏறி வருகின்றன. அதைச் சமாளிப்பதற்குள் அடியிலிருந்து பிரானாடான் என்ற ராட்சத மீன் எழுகிறது. தெப்பம் தூள். ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். தண்ணீருக்கு அடியில் நாயகன் ஜாக் டிரிஸ்கால் (ஏட்ரியன் பிராடி) தவிக்கும் சில நொடிகள்தான் என்னைப் பொறுத்தவரை அந்தப் பதிமூன்று நிமிடத்தின் உச்சம். மற்ற சண்டைகளில் எல்லாமே வெட்டவெளியில் தெரியும். இங்கே மட்டும்தான் எது, எங்கே, எவ்வளவு பெரிது என்று தெரியாத பயம்.

ஜாக்சன் பெரிய பட்ஜெட் இயக்குநர் ஆவதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் ரத்தம் தெறிக்கும் திகில் நகைச்சுவைகள். 1992-ல் வந்த ‘பிரெயின்டெட்’ படத்தின் முதல் காட்சியே காங் வாழும் அதே மண்டையோட்டுத் தீவில்தான் நடக்கும். அங்கிருந்து ஒரு சுமத்ரா எலிக்குரங்கைப் பிடித்து வருவார்கள், அதன் கடியில்தான் எல்லா விபரீதமும் ஆரம்பிக்கும். அதே எலிக்குரங்கின் பெயரெழுதிய பெட்டி ஒன்று ‘கிங் காங்’ கப்பலின் சரக்கு அறையில் இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது தேடிப் பாருங்கள். சதுப்பு நிலக் காட்சியில் அந்தப் பழைய ஜாக்சன் கை தெரிகிறது. திரையரங்கப் பதிப்பில் அவர் முழுசாகத் தலைகாட்டும் இடம், சமையல்காரர் லம்பியைப் புழுக்கள் விழுங்கும் பாதாளக் குழிக் காட்சி. லம்பியாக நடித்தவர் ஆண்டி செர்கிஸ். காங்கின் அசைவும் முகபாவமும் அவருடையதுதான். மனிதனாகச் செத்து, குரங்காக மீதிப் படம் முழுக்க வாழ்கிறார்.

அந்தப் பாதாளக் குழியைப் பற்றிப் பேசாமல் இந்த இரண்டு காட்சிகளும் ஏன் எடுக்கப்பட்டன, ஏன் வெட்டப்பட்டன என்று விளக்க முடியாது. அதற்கு 1933-க்குப் போக வேண்டும்.

மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் ஆர்கேஓ நிறுவனத்துக்காக எடுத்த முதல் ‘கிங் காங்’ படத்தில் தேடுதல் குழுவுக்கு நடப்பது வரிசையாக இது: முதலில் ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசர் ஒன்று பாய்ந்து வரும். புகைக்குண்டு எறிந்து, சுட்டுச் சாய்ப்பார்கள். செத்துக் கிடக்கும் அதன் நீண்ட உடம்பை ஒட்டியபடி வரிசையாக நடந்து போவார்கள், வால் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருக்கும். அடுத்து மூடுபனி ஏரி. தெப்பம் கட்டிக் கடப்பார்கள். நடு ஏரியில் நீண்ட கழுத்து ஒன்று எழுந்து தெப்பத்தைக் கவிழ்க்கும். கரையேறி ஓடியவர்களையும் அது துரத்தும். பிறகு பள்ளத்தின் மேல் கிடக்கும் மரத்துண்டில் அவர்கள் கடக்கும்போது காங் வந்து அதை உலுக்கி ஆட்களை உதிர்த்துப் போடும்.

இப்போது ஜாக்சனின் 13 நிமிடத்தைப் பாருங்கள். ஸ்டெகோசாரஸ் இடத்தில் ஃபெருகூட்டஸ், ஏரி இடத்தில் சதுப்பு. புதிதாக எதையும் திணிக்கவில்லை, பழைய படத்தின் படிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கிறார். திரையரங்கப் பதிப்பில் இரண்டு படி காணாமல் போயிருந்தது. வீட்டுப் பதிப்பில் அவற்றை மீண்டும் பொருத்திவிட்டார். 1933 படத்தைப் பார்க்காதவர்களுக்கு இது வெறும் ‘இன்னும் இரண்டு மிருகம்’. பார்த்தவர்களுக்கு ஒரு நேர்த்திக்கடன் முடிந்த மாதிரி.

நேர்த்திக்கடன் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று ஜாக்சன் பலமுறை சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் கம்பி, ரப்பர், அம்மாவின் பழைய ரோமத் துணி இவற்றை வைத்து ஒரு காங் பொம்மை செய்து, தானே படமெடுக்க முயன்றார். 1996-ல் யுனிவர்சல் நிறுவனத்துடன் நிஜமாகவே வேலை ஆரம்பித்தது. வேறு சில ராட்சதப் படங்கள் அதே சமயத்தில் தயாராகிக்கொண்டிருந்ததால் 1997-ல் அதைக் கைவிட்டார்கள். மனம் உடைந்தவர் அடுத்துப் போனது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பக்கம். அது உலகத்தையே வென்ற பிறகு யுனிவர்சலே திரும்ப அழைத்தது. அப்படிப்பட்ட ஆள் எடுத்த படம் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால்தான் ஆச்சரியம்.

சரி, அந்தப் பாதாளக் குழி. 1933 படத்தில் மரத்துண்டிலிருந்து விழுந்தவர்களைப் பள்ளத்தின் அடியில் ராட்சதச் சிலந்திகளும் மற்ற ஜந்துக்களும் பிடித்துத் தின்பதாக ஒரு காட்சி எடுத்திருந்தார்கள். வில்லிஸ் ஓ’பிரையன் பொம்மைகளை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எடுத்தது. படம் வெளியாகும் முன்பே அது போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. முன்னோட்டத் திரையிடலில் ஜனங்கள் அலறி எழுந்து போனார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. கூப்பர் சொன்ன காரணம் வேறு: அந்தக் காட்சி வந்ததும் கதை நின்றுபோய்விடுகிறது, அதனால் நானே வெட்டினேன் என்றார். எவ்வளவு உழைப்பு! ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

ஜாக்சன் என்ன செய்தார் தெரியுமா? தன்னுடைய படம் வெளியாகும் அதே சமயத்தில், 1933 படத்தின் டிவிடி வெளியீட்டுக்காக, தன் ஆட்களை வைத்து அந்தத் தொலைந்த காட்சியைப் பழைய முறையிலேயே, பொம்மை செய்து, ஸ்டாப் மோஷனில், கறுப்பு வெள்ளையில் மறுபடி எடுத்தார். மீதமிருந்த புகைப்படங்களையும் வரைபடங்களையும் வைத்துத்தான். நல்ல வேளையாக அதைப் பழைய படத்துக்குள் திணிக்காமல் தனி இணைப்பாகவே வட்டில் வைத்தார்கள். கூப்பர் வெட்டியது வெட்டியபடியே இருக்கட்டும் என்ற அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். கூப்பர் சொன்ன அதே குறை சதுப்பு நிலக் காட்சிக்கும் பொருந்தும். தனியாக எடுத்துப் பார்த்தால் அருமை. படத்துக்குள் வைத்தால் கதை நின்றுபோகிறது.

ஏனென்று பார்க்கலாம். தீவில் கதை இரண்டு பக்கம் மாறி மாறி ஓடுகிறது. ஒரு பக்கம் ஆனும் (நவோமி வாட்ஸ்) காங்கும். இன்னொரு பக்கம் அவளைத் தேடும் ஆண்கள். படத்தின் உயிர் முதல் பக்கத்தில் இருக்கிறது. பயந்து நடுங்கும் பெண், தான் மேடையில் ஆடிப் பழகிய கோமாளித்தனங்களை, விழுந்து எழும் வித்தைகளை, அந்த மிருகத்தின் முன்னால் ஆடிக்காட்டுகிறாள். அது முதலில் முறைக்கிறது, அப்புறம் சிரிக்கிறது, அப்புறம் அவளைத் தள்ளித் தள்ளி விளையாடுகிறது, அவள் போதும் என்றதும் கோபித்துக்கொள்கிறது. இதற்கு வசனமே இல்லை. நீளமான பதிப்பில் சேர்ந்த காட்டுக் காட்சிகள் எல்லாமே இரண்டாவது பக்கத்துக்குப் போகின்றன. ஆனுக்கும் காங்குக்கும் இடையில் புதிதாக ஒன்றும் வரவில்லை. அதாவது நாம் யாருக்காகக் காத்திருக்கிறோமோ அவர்கள் திரும்பி வர இன்னும் தாமதமாகிறது.

அதோடு, டைனோசர் கூட்டம் ஓடிவரும் காட்சியே மூச்சு வாங்க வைக்கும் நீளம். அது முடிந்ததும் சதுப்பு. அது முடிந்ததும் மரத்துண்டு. அதற்கப்புறம் குழி, புழு, பூச்சி. நடுவில் டி-ரெக்ஸ் மாதிரியான மூன்று வி-ரெக்ஸ் டைனோசர்களோடு காங் போடும் சண்டை வேறு. பந்தியில் எல்லாம் நல்ல பலகாரம்தான், ஆனால் இலையில் ஐந்தாவது இனிப்பு விழும்போது கை தானாக மறுக்கிறது.

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நீள்பதிப்புகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் அதே திருப்தியை எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான். முதல் பாகம் 178 நிமிடத்திலிருந்து 208-க்குப் போனது. இரண்டாவது 179-லிருந்து 223. அவற்றில் சேர்ந்தது பெரும்பாலும் மனிதர்கள்: போரோமிருக்கும் ஃபராமிருக்கும் அவர்கள் அப்பாவுக்கும் இடையில் நடப்பது, யார் யாருக்கு என்ன பரிசு கிடைத்தது, ஒருவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்பதற்கான காரணம். சிலருக்குத் திரையரங்கப் பதிப்பை மறுபடி பார்க்கவே முடியாமல் போனது, அவ்வளவு ஓட்டை தெரிந்தது. ‘கிங் காங்’ திரையரங்கப் பதிப்பில் அப்படி ஓட்டை எதுவும் இல்லை. 187 நிமிடம் ஓடும் படத்தில் எதுவும் விட்டுப்போனதாக யாரும் புகார் சொல்லவில்லை. புகாரே வேறு: காங் முகத்தைக் காட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பதுதான். 1933 படமோ மொத்தமே 100 நிமிடம்.

நம் ஊரில் என்றால் வெள்ளிக்கிழமை படம் வந்து, திங்கட்கிழமைக்குள் இருபது நிமிடத்தை ட்ரிம் பண்ணிவிட்டோம் என்று அறிவிப்பு வரும். இவர்கள் அதற்கு நேர்மாறு, ஓராண்டு கழித்துச் சேர்க்கிறார்கள்!

நீளமாக்குவது என்றாலே இயக்குநரின் ஆசை என்றும் நினைத்துவிட வேண்டாம். காங் குடும்பத்திலேயே இதற்கு மூன்று விதமான உதாரணம் இருக்கிறது. 1933 படத்தை 1938-ல் மறுவெளியீடு செய்தபோது தணிக்கை விதிகள் கடுமையாகிவிட்டன. காங் ஆனின் ஆடையை உரித்து முகர்ந்து பார்ப்பது, தீவு மக்களை மிதிப்பது, கட்டடத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்து, தான் தேடியவள் இல்லை என்றதும் கீழே போட்டுவிடுவது எல்லாம் வெட்டப்பட்டன. முப்பது ஆண்டுக்கு மேல் உலகம் பார்த்தது அந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான். 1969-ல் ஒரு 16 மில்லிமீட்டர் பிரதியில் அந்தத் துண்டுகள் அகப்பட்டு, மறுபடி சேர்ந்தன. அதனால் நீளமானது, ஆனால் அது திருடு போன பொருள் வீடு திரும்பியது. சேர்ப்பு என்றே சொல்லக் கூடாது.

1976-ல் டினோ டி லாரன்டிஸ் தயாரித்த ‘கிங் காங்’ கதை இன்னும் வேடிக்கை. திரையில் 134 நிமிடம். என்பிசி தொலைக்காட்சி 1978-ல் அதை இரண்டு இரவாகப் பிரித்து ஒளிபரப்பியது. இரண்டு இரவுக்கு 134 நிமிடம் போதுமா? விளம்பரம் விற்க வேண்டாமா? எடிட்டிங் அறையில் ஒதுக்கிவைத்ததை எல்லாம் திரும்ப எடுத்துச் சேர்த்து மூன்று மணி நேரமாக்கினார்கள். வன்முறையைக் கொஞ்சம் குறைத்தும்விட்டார்கள், குடும்பத்தோடு பார்ப்பார்களே. பல வருடம் பழைய ஒளிநாடா ரசிகர்களின் கைமாற்றுச் சரக்காக இருந்த அந்த வடிவம் 2021-ல்தான் ப்ளூரேயில் ஒழுங்காக வந்தது.

2005 படத்தின் 13 நிமிடம் மூன்றாவது வகை. தணிக்கை பறித்ததும் இல்லை, விளம்பரத்துக்கு ஊதியதும் இல்லை. இயக்குநர் எடுத்தார், ஓட்டத்துக்காக விட்டுக்கொடுத்தார், பிறகு டிவிடி விற்பனை உச்சத்தில் இருந்த காலத்தில் அதை முடித்துக் கொடுக்க வாய்ப்பு வந்தது. முடித்து என்ற சொல்லைக் கவனியுங்கள். நடிகர்கள் பேசும் காட்சியை வெட்டினால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். இங்கே நடிகர்கள் இல்லாத ஒன்றைப் பார்த்து அலறியிருக்கிறார்கள். அந்த மீனைக் கணினியில் செய்து, தண்ணீரோடு சேர்த்து, ஒலி அமைத்தால்தான் அது காட்சியே ஆகும். அதற்கு எவ்வளவு செலவாகும் என்று, மொத்தத்தில் 20.7 கோடி டாலர் விழுங்கிய படத்தில் நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதே வட்டில் இருக்கும் நீக்கப்பட்ட காட்சிகளைப் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும். அவை சுமார் 40 நிமிடம் வரும். அவற்றைப் படத்தில் சேர்க்காமல் தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி எந்த வட்டில் என்ன இருக்கிறது என்பது. இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் யுனிவர்சல் இந்தப் படத்தைத் தவணை முறையில் விற்றது.

படம் திரைக்கு வருவதற்கு ஒருநாள் முன்பே, 2005 டிசம்பர் 13 அன்று, தயாரிப்பு நாட்குறிப்புகள் மட்டும் தனி டிவிடியாக வந்தன. படப்பிடிப்பு நடக்கும்போதே இணையத்தில் வெளியிட்ட சின்னச் சின்ன காணொளிகள்தான் அவை. 2006 மார்ச் 28-ல் திரையரங்கப் பதிப்பு டிவிடி. ஒற்றை வட்டும் வந்தது, இரண்டு வட்டும் வந்தது. அந்த இரண்டாவது வட்டில் மண்டையோட்டுத் தீவை நிஜத் தீவு மாதிரியே பாவித்து எடுத்த ஒரு போலி ஆவணப்படம் உண்டு, ரசிக்கலாம். கடைசியாக 2006 நவம்பர் 14-ல் மூன்று வட்டுகளில் நீட்டிக்கப்பட்ட பதிப்பு. மார்ச்சில் வாங்கியவர்கள் நவம்பரில் மறுபடி பணம் கட்டினார்கள். இதெல்லாம் தெரிந்தே செய்வதுதான்.

2009 ஜனவரியில் ப்ளூரே வந்தபோது ஒரே வட்டில் இரண்டு பதிப்பும் இருந்தன. இரண்டு முழுப்படத்தை ஒரு வட்டில் எப்படி அடைத்தார்கள் என்று கேட்கலாம். அடைக்கவில்லை. பொதுவான பகுதிகள் வட்டில் ஒருமுறைதான் இருக்கும், கூடுதல் காட்சிகள் தனித் துண்டுகளாக இருக்கும். நீங்கள் எந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ற வரிசைப் பட்டியலைப் பிளேயர் படித்து, துண்டுக்குத் துண்டு தாவிக்கொண்டே ஓட்டும். தாவுவது கண்ணுக்குத் தெரியாது. சில மலிவான பழைய பிளேயர்களில் அந்த இடத்தில் ஒரு நொடி திக்கும், அதை வட்டின் குறை என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். 2017-ல் வந்த 4கே வட்டிலும் இரண்டு பதிப்பும் உண்டு.

படத்தரம் மட்டும்தான் முக்கியம் என்றால் ப்ளூரேயோ 4கே-யோ வாங்கிக்கொண்டு இந்தப் பேச்சை முடித்துவிடலாம். ஆனால் அந்த 2009 ப்ளூரேயில் வராத ஒன்று பழைய மூன்று வட்டு டிவிடியில் இருக்கிறது. அது மூன்றாவது வட்டு. அதில் சுமார் மூன்று மணி நேரத்துக்கு இந்தப் படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் அந்த 13 நிமிடத்தைவிட அதிகமுறை பார்த்தது இதைத்தான்.

அதில் என்ன இருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டால் தேடுவீர்கள். 1996-ல் நின்றுபோன முயற்சியிலிருந்து ஆரம்பிக்கிறது. 1933-ம் ஆண்டு நியூயார்க்கை நியூசிலாந்தில் எப்படிக் கட்டினார்கள் என்பது வருகிறது. தெருக்களின் கீழ்த்தளம் மட்டும் வெலிங்டனுக்குப் பக்கத்தில் நிஜமாகக் கட்டிய செட், அதற்குமேல் எழும் மாடிகள் எல்லாம் கணினி. ஆண்டி செர்கிஸ் ருவாண்டா மலைக் காட்டுக்குப் போய் நிஜக் கொரில்லாக்களைக் கவனித்துவிட்டு வந்து, முகமெல்லாம் குறிப்பான்களை ஒட்டிக்கொண்டு உறுமுகிறார். அந்த உறுமலை 25 அடி உயர மிருகத்தின் முகத்துக்கு மாற்றுகிறார்கள். ஆனால் மனிதச் சிரிப்பு அப்படியே போய் உட்கார்ந்தால் அது கொரில்லாவாக இருக்காது. செர்கிஸின் எந்தத் தசை அசைவுக்குக் காங்கின் எந்தத் தசை பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் வேலையே. அந்த ஆண்டு காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் உட்பட மூன்று ஆஸ்கர் வந்ததற்குக் காரணம் அந்த முகம்தான் என்பேன். மற்ற இரண்டும் ஒலிக்காக.

நீளமான பதிப்பில் ஜாக்சனும், திரைக்கதையில் அவரோடு பங்கெடுத்த பிலிப்பா போயன்ஸும் பேசும் வர்ணனை ஒலித்தடமும் உண்டு. 1933 படத்துக்கு எங்கெங்கே வணக்கம் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. சிலவற்றை நீங்களே பிடித்துவிடலாம். ஆரம்பத்தில், கதையில் வரும் சினிமா இயக்குநர் டென்ஹாம் நடிகை தேடும்போது ஃபே வரலாமே என்கிறார், அவள் ஆர்கேஓ-வில் ஒரு படத்தில் இருக்கிறாளே என்று உதவியாளர் சொல்கிறார். அந்த ஃபே, 1933 படத்தின் நாயகி ஃபே ரே. இந்தப் படத்தின் கடைசி வசனத்தை அவரைப் பேசவைக்க ஜாக்சன் ஆசைப்பட்டார். 2004 ஆகஸ்டில் அவர் காலமானார். உச்சக்காட்சியில் காங்கைச் சுடும் விமானங்களில் ஒன்றின் பின் இருக்கையில் துப்பாக்கியோடு இருப்பது ஜாக்சனே. அந்த விமானத்தை ஓட்டுபவர் ரிக் பேக்கர், 1976 படத்தில் குரங்கு உடை மாட்டிக்கொண்டு காங்காக நடித்தவர். காங்கைக் காங்கே சுடுகிறது.

இன்னொன்று, நியூயார்க் அரங்கில் காங்கைச் சங்கிலி போட்டுக் காட்டும் மேடைக் காட்சியில் இசைக்குழுவை நடத்துபவரைக் கவனியுங்கள். அவர் ஹோவர்ட் ஷோர். முதலில் இந்தப் படத்துக்கு இசையமைக்க இருந்தவர் அவர்தான். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது விலகினார், ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் வந்து அவசர அவசரமாக மூன்று மணி நேரப் படத்துக்கு இசை எழுதி முடித்தார். ஷோரின் இசை போய்விட்டது, ஷோர் மட்டும் திரையில் இருக்கிறார். அவர் அங்கே நடத்துவது 1933 படத்துக்கு மேக்ஸ் ஸ்டைனர் போட்ட இசையை.

ஆக, என்ன செய்யலாம்? இந்தப் படத்தை நீங்கள் இன்னும் ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை என்றால் கையில் இருக்கும் 187 நிமிட வட்டே போதும், அதையே முதலில் பாருங்கள். ஏற்கெனவே பார்த்துப் பிடித்திருந்தால் இரண்டாவது சுற்றுக்கு நீளமான பதிப்பு நல்ல துணை, அதிலும் 1933 படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தால். ஆவணப்படம்தான் வேண்டுமென்றால் 2006-ன் மூன்று வட்டுப் பெட்டியைத் தேடுங்கள். வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து மூன்று வட்டும் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். அத்தோடு, வெளிநாட்டுப் பிரதி என்றால் உறையின் பின்பக்கம் இருக்கும் மண்டல எண்ணையும் பாருங்கள், அமெரிக்க டிவிடி என்றால் 1 என்று இருக்கும், நம் ஊர் பிளேயர்களில் பல அதை ஏற்காது. ஓடிடி-யில் பார்ப்பவர்கள் விவரத்தில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்தால் போதும். 3 மணி 7 நிமிடம் என்றால் சதுப்பு நிலம் அதில் இல்லை.